சாங் போட்ட அந்த சர்வ்

நேற்று ராத்திரி யூடியூபில் மறுபடியும் அந்த ஆட்டம். 1989 பிரெஞ்சு ஓபன், நான்காவது சுற்று. எதிரே உலகின் முதல்நிலை வீரர் இவான் லெண்டில். இந்தப் பக்கம் 17 வயது மைக்கேல் சாங். முதல் இரண்டு செட்டும் போச்சு. அடுத்த இரண்டையும் பிடித்துவிட்டான் பையன்.

ஐந்தாவதில் காலெல்லாம் தசைப்பிடிப்பு. இடைவேளையில்கூட உட்காராமல் நின்றபடியே வாழைப்பழம் தின்கிறான். அப்புறம் திடீரென்று, கைக்குக் கீழிருந்து ஒரு சர்வ்! லெண்டில் பதறி முன்னால் ஓடிவருகிறார், பாயிண்ட் சாங்குக்கு. மேட்ச் பாயிண்டில் சர்வீஸ் கோட்டருகே போய் நின்று மிரட்டுகிறான் (என்ன நெஞ்சழுத்தம்!). லெண்டில் டபுள் ஃபால்ட்.

அந்த சர்வ் அவமரியாதை என்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. நிற்கவே முடியாதவன் வேறென்ன செய்வான்?

தியானன்மென் சதுக்கப் படுகொலைக்கு மறுநாள் நடந்த ஆட்டம் அது. சாங்கோ சீன வம்சாவளி அமெரிக்கன். அந்த வாரக் கடைசியில் இறுதி ஆட்டத்தில் எட்பெர்க்கையும் ஐந்து செட்டில் சாய்த்துக் கோப்பையை வாங்கினான். ஆண்கள் ஒற்றையரில் அவனைவிடச் சின்ன வயதில் கிராண்ட்ஸ்லாம் வென்றவர் இன்றுவரை இல்லை.

எனக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் இந்த வீடியோவிலிருந்து தப்பியதில்லை.