ஓசி மென்பொருளை நம்பலாமா? எங்கள் பாடசாலை சேர்வரைப் பற்றி ஒரு விளக்கம்



சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, ஊரின் மூத்தவர் ஒருவர் எங்களில் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "காசு சேர்த்து மெஷின் வாங்கித் தந்தோம். உள்ளுக்கு ஓசி மென்பொருள்தான் போட்டிருக்கீங்களாமே? பிள்ளைகள்ட வேலைய அதுல நம்பி வைக்கலாமா சேர்?"

நியாயமான கேள்வி. காசுக்குக் கணக்குக் காட்டுவது போல முடிவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். அதனால் பாடசாலையில் தகவல் தொழினுட்பம் படிப்பிக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியில் பட்டதால் என்று அமைச்சர் சொன்ன, நாடு முழுவதும் கரண்ட் போன நாள். ஊரே சிரித்தது. மறுநாள் காலை எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய சேர்வரின் வன்தட்டு எழும்பவில்லை. யூபிஎஸ் பற்றரி செத்து மாதக்கணக்காகியும் மாற்றாமல் விட்டவர்கள் நாங்கள்தான். கடைசியாகப் பிரதி எடுத்தது முந்திய வருடம் ஜூன் மாதம்.

தவணைப் புள்ளிகளைப் பதிவேட்டைப் பார்த்துத் திரும்பவும் ஏற்றினோம். நூலகப் பொறுப்பாசிரியை எட்டு மாதமாகப் பதிந்த புத்தக விபரம் முழுதும் போயிருந்தது. மிஸ் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. பதிவேட்டைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து மறுபடி பதியத் தொடங்கினார். ஏசியிருந்தால் மனது கொஞ்சம் ஆறியிருக்கும்.

அதன் பிறகுதான் பழைய மாணவர்கள் காசு சேர்த்து, பாவித்த சேர்வர் ஒன்றை வாங்கித் தந்தார்கள். 32 ஜிபி ராம், 1 டெராபைட் வன்தட்டு இரண்டு. அதில் மூன்று வேலை நடக்க வேண்டும். புள்ளி மென்பொருளுக்கு விண்டோஸ் தேவை. நூலகத்துக்கான கோஹாவும் உயர்தரப் பிள்ளைகளுக்கான மூடிலும் லினக்ஸில் ஓடுபவை. மூன்று மெஷின் வாங்கக் காசில்லை. ஒரே மெஷினுக்குள் மூன்று மெய்நிகர் கணினிகளை ஓட்டுவதுதான் வழி. ஒரு வளவைப் பிரித்து மூன்று மகள்மாருக்கு மூன்று வீடு கட்டிக் கொடுப்பது போல. கிணறும் கேற்றும் பொது. ஒரு வீட்டுக் கூரை ஒழுகினால் மற்ற வீடு நனையாது. அந்த வளவைப் பிரித்து நிர்வகிக்கும் மென்பொருள் எது என்பதுதான் கேள்வி.

கொழும்பில் நெட்வேர்க் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவரான தம்பியோடு இரண்டு வாரம் இருந்து பார்த்தோம்.

வேர்ச்சுவல்பொக்ஸை நாங்களே வகுப்பில் பாவிக்கிறோம். படிக்க நல்லது. ஆனால் அது விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளத்தின் மேல் உட்காரும். கீழே உள்ளது அப்டேட்டுக்காக நின்றால் மேலே உள்ள மூன்றும் நிற்கும்.

மைக்ரோசொப்டின் ஹைப்பர்-வி எங்கள் ஆட்களுக்குப் பழகிய முகம். முன்பு அதைத் தனியாக இலவசமாகத் தந்தார்கள். அந்த இலவசப் பதிப்பில் 2019 தான் கடைசி. இப்போது சேர்வருக்கு அதை எடுப்பதென்றால் விண்டோஸ் சேர்வர் உரிமம் வாங்க வேண்டும். ஏற்கெனவே அந்த உரிமம் உள்ள பாடசாலைக்கு நாங்கள் இதைத்தான் எடுக்கச் சொல்வோம். எங்களிடம் இல்லை.

தம்பிக்கு விருப்பம் விஎம்வெயாரின் ஈஎஸ்எக்ஸ்ஐ. உறுதியானது, பெரிய கம்பனிகள் பல வருடம் நம்பியது. ஆனால் 2023 நவம்பரில் விஎம்வெயாரை ப்ரோட்கொம் வாங்கியது. ஒரு தரம் காசு கட்டி நிரந்தரமாக வைத்திருக்கும் உரிமத்தை நிறுத்திச் சந்தா முறைக்கு மாற்றினார்கள். 2024 பெப்ரவரியில் இலவசப் பதிப்பையும் நிறுத்தினார்கள். அவர்களுடைய பொருள், அவர்களுடைய முடிவு. ஆனால் சந்தா கட்ட எங்கள் பாடசாலையில் வருடா வருடம் காசு இருக்குமா?

எக்ஸ்சிபி-என்ஜியும் திறந்த மூல மென்பொருள், நல்லது. ஆனால் சிக்கினால் கேட்க, எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் அதைப் பாவிப்பவர் ஒருவரும் இல்லை.

கடைசியில் ப்ரொக்ஸ்மொக்ஸ். ஒஸ்ரியாவின் வியன்னாவில் உள்ள கம்பனி 2008 முதல் வெளியிடுவது. டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது. பிரவுசரிலேயே எல்லாம் செய்யலாம். பிரதி எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது. இரண்டு வன்தட்டிலும் ஒரே விடயத்தை எழுத வைக்கலாம். குறையும் உண்டு. சந்தா இல்லையென்று உள்நுழையும்போதெல்லாம் ஒரு அறிவித்தல் வரும். போன் எடுத்து உதவி கேட்க முடியாது. லினக்ஸ் கொஞ்சம் படித்தே ஆக வேண்டும். காசு மிச்சம், எங்கள் சனிக்கிழமைகள் செலவு.

முடிவெடுக்க மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதினோம். நாளை எங்களுக்கு இடமாற்றம் வந்தால் யார் பார்ப்பது? மெஷின் செத்தால் இன்னொரு சாதாரணக் கணினியில் அன்றே எழுப்பலாமா? அடுத்த வருடம் யாராவது காசு கேட்டால் என்ன செய்வது? மூன்றுக்கும் எங்களுக்குத் தாங்கக்கூடிய பதில் ப்ரொக்ஸ்மொக்ஸில்தான் கிடைத்தது.

எல்லாம் நிறுவி முடித்து மூச்சு விடும் நேரம், 2025 ஏப்ரலில் ஈஎஸ்எக்ஸ்ஐ இலவசப் பதிப்பு திரும்பி வந்தது. தம்பி போன் எடுத்தார். "சேர், கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?" பிறகு அவரே யோசித்துச் சொன்னார்: "தந்தாங்க, எடுத்தாங்க, திரும்பத் தந்திருக்காங்க. அடுத்தது என்னண்டு நமக்குத் தெரியாதே."

இரண்டு ஓசிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஒன்று, சொந்தக்காரர் விரும்பும் வரை பாவிக்கத் தருவது. மற்றது, மூல நிரலோடு உரிமத்தையும் எழுதித் தருவது. ப்ரொக்ஸ்மொக்ஸ் கம்பனி நாளை மனம் மாறினாலும், எங்கள் கையில் உள்ள பதிப்பைப் பாவிக்கவும் திருத்தவும் பகிரவும் உள்ள உரிமையைத் திருப்பி எடுக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ப்ரொக்ஸ்மொக்ஸ் இலவசம் என்பதால் அதற்குள் ஓடும் விண்டோஸ் இலவசமாகிவிடாது. "களவுப் பிரதி போட்டால் யாருக்குத் தெரியும்?" என்று சிலர் கேட்டார்கள். பிள்ளைகளுக்குத் தெரியும். மிஞ்சிய காசில் அதற்கு உரிமமும், யூபிஎஸ்ஸுக்குப் புதுப் பற்றரியும் வாங்கினோம்.

ஆனாலும் முதல் மாதம் நாங்கள் திரும்பவும் பிழைவிட்டோம். பிரதிகளை அதே மெஷினிலேயே சேமித்தோம். தம்பி பார்த்துவிட்டு, "வீட்டுச் சாவிய வீட்டுக்குள்ளேயே வச்சுப் பூட்டின மாதிரி இருக்கு சேர்" என்றார். இப்போது ஒவ்வொரு வியாழனும் வெளி வன்தட்டுக்குப் பிரதி போகிறது. அது அதிபரின் அலுமாரியில் இருக்கும். தவணைக்கு ஒரு தரம், ஆய்வுகூடத்தில் உள்ள பழைய கணினி ஒன்றில் அந்தப் பிரதியை எழுப்பிப் பார்க்கிறோம். முதல் தரம் கோஹா திரையில் வந்தபோது நூலக மிஸ்ஸைக் கூப்பிட்டுக் காட்டினோம். கடைசியாகப் பதிந்த புத்தகத்தைத் தேடிப் பார்த்தார், இருந்தது. "சரி, இனி நம்பிப் பதியலாம்" என்றார்.

ஆகவே அந்தப் பெரியவருக்கு எங்கள் பதில்: மென்பொருளை மட்டும் நம்பி வைக்கவில்லை. அது காசுக்கு வந்தாலும் ஓசியில் வந்தாலும், பிரதி எடுத்து எழுப்பிப் பார்க்காவிட்டால் நம்ப முடியாது. பிள்ளைகளின் புள்ளிகளும் மிஸ்ஸின் உழைப்பும் எங்களிடம் தந்த அமானிதம். அதை நாங்கள் ஒரு தரம் தவறவிட்டவர்கள்.

செய்முறை முழுவதையும் தமிழில் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். கடவுச்சொல் ஒட்டிய உறையில் அதிபரிடம் உண்டு. பக்கத்துப் பாடசாலை ஆசிரியர்கள் யாராவது இந்த வேலையில் இறங்குவதென்றால் சனிக்கிழமை காலையில் வாருங்கள், ஆய்வுகூடம் திறந்திருக்கும். கொப்பியைப் பிரதி எடுத்துக்கொண்டு போகலாம்.