தேயிலைக் கொழுந்து பறிப்பவளுக்கும் வாக்கு

தேர்தல் நெருங்கினால் உங்கள் வீட்டுக்கும் வாக்காளர் அட்டை வருகிறது. வாப்பாவுக்கு ஒன்று, உம்மாவுக்கு ஒன்று. அந்த இரண்டாவது அட்டை எப்படி வந்தது என்று எப்போதாவது யோசித்ததுண்டா?

1927ஆம் ஆண்டு. டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்திருந்தது. சொத்தும் படிப்பும் உள்ள ஆண்களில் ஒரு சிறு தொகையினருக்கே அப்போது வாக்குரிமை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெருந்தலைவர்களே பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார்கள்.

அந்த டிசம்பரில் சில பெண்கள் கூடிப் பேசினார்கள். பேச்சு சங்கமாயிற்று. அதுதான் பெண்கள் வாக்குரிமைச் சங்கம். தலைவி டெய்சி டயஸ் பண்டாரநாயக்க, செயலாளர் அக்னஸ் டி சில்வா. பெரும்பாலும் ஆங்கிலம் படித்த, வசதியுள்ள வீட்டுப் பெண்கள், அதை மறைப்பானேன்? ஆனாலும் ஆணைக்குழுவின் முன் அவர்கள் சொன்ன ஒரு பதிலுக்காக அவர்களை எனக்குப் பிடிக்கும். தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் இந்திய வம்சாவளிப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று கேட்கப்பட்டதாம். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்றார் அக்னஸ்.

ஆணைக்குழு பெண்களுக்கு 30 வயதில்தான் வாக்கு என்று சிபாரிசு செய்தது. பிறகு அது ஆண்களைப் போல் 21 ஆனது. 1931இல் நம் பெண்கள் வாக்களித்தார்கள். பிரிட்டனில் ஆணுக்குச் சமமான வாக்கு பெண்ணுக்குக் கிடைத்து மூன்றே வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஆனால் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டப் பெண்கள் பலர் ஆண்களோடு சேர்த்துக் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தார்கள். கொடுத்ததைப் பறிக்கவும் முடிகிறது, பாருங்கள்.

நம் சமூகத்திலும் முன்வந்தவர்கள் உண்டு. கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரி அதிபராக இருந்த ஆயிஷா ரவூப், மாநகர சபைக்கும் தெரிவானவர். 2018 உள்ளூராட்சித் தேர்தலில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடும் வந்தது. இருந்தும் பல வீடுகளில் யாருக்குப் போடுவது என்பதை ஆண்களே முடிவு செய்கிறார்கள்.

உங்கள் ஊரில் மார்க்க வகுப்புக்குக் கூடும் சகோதரிகள் பத்துப் பேர் இருப்பார்கள். வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் இருந்து பேசுங்கள். வடிகான், குடிநீர், பிள்ளைகளின் பாடசாலை என்று கேள்விகளை எழுதி, அடுத்த தேர்தலுக்கு முன் வேட்பாளரை அழைத்துக் கேளுங்கள். அந்தச் சங்கமும் இப்படிச் சிலரோடு தொடங்கியதுதான்.