எரிந்த காட்டின் தண்ணீர்

கல்கரியில் ஒரு ரெஸ்ரோறண்டின் குசினியில் நாங்கள் மூன்று பேர். மூவரும் முப்பதைத் தாண்டியவர்கள். மூவருமே பல்கலைக்கழகத்தை இடையில் விட்டவர்கள். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாண வளாகத்தில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தவனும் எங்களுக்குள் உண்டு. இப்போது கோப்பை கழுவுகிறோம், வெங்காயம் வெட்டுகிறோம். ஊரில் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், படித்தோம் என்போம். முடித்தீர்களா என்று எவரும் கேட்பதில்லை.

சனி ஞாயிறுகளில் மேசை பார்க்க ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வருவாள். கிழமை நாட்களில் அவள் முதுமாணி மாணவி. காட்டுத்தீக்குப் பிறகு ஆற்றுக்கு என்ன நடக்கிறது என்பதுதான் ஆய்வு. ஒரு திங்கட்கிழமை, கடை பூட்டு. உதவிக்கு வரவேண்டியவன் வரவில்லை, போத்தல் தூக்க வருவீர்களா என்று கேட்டாள். போனோம்.

கல்கரிக்குத் தெற்கே, ரொக்கி மலைத்தொடரில் குறோஸ்நெஸ்ற் கணவாய். 2003 கோடையில் அங்கே லொஸ்ற் கிறீக் தீ 20,000 ஹெக்டேயருக்கு மேல் எரித்தது. ஓல்ட்மன் ஆற்றின் தலைநீர் அந்தக் காட்டில்தான் பிறக்கிறது. அடுத்த வருடமே அல்பேர்ட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எரிந்த ஓடைகளையும் எரியாத ஓடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கத் தொடங்கினார்கள். ஒரு மாணவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடர்கிறார்.

நடந்தபடியே சொன்னாள். தீயின் சூட்டில் இலைகுழைகளின் மெழுகு ஆவியாகி மண்ணுக்குள் படியும். பிறகு மழை மண்ணுக்குள் இறங்காமல் மேலால் ஓடும். மரமுகடு இல்லாததால் பனி நேரே நிலத்தில் குவிந்து முந்தியே உருகும். சாம்பலும் நுண்மண்ணும் பொஸ்பரசைச் சுமந்துகொண்டு ஆற்றுக்குப் போகும், பாசி பிடிக்கும், கீழேயுள்ள ஊர்களில் குடிநீர் சுத்திகரிப்பவர்கள் திண்டாடுவார்கள். தீ அணைந்து ஐந்து வருடங்களுக்குப் பிறகும் பொஸ்பரஸ் கூடுதலாகவே இருந்ததாம். எரிந்த மரங்களை வெட்டி விற்ற பகுதிகளில் மண்ணரிப்பு இன்னும் மோசம்.

நாங்கள் ஆறில்லாத மண்ணின் ஆட்கள். வழுக்கியாறும் மாரிக்குத்தான் ஓடும். கிணறுதான் எங்களுக்கு எல்லாம். நெருப்பு அணைந்தால் எல்லாம் முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம்.

ஓரிடத்தில் அவள் குனிந்து ஒரு பைன் காயை எடுத்தாள். அவள் வாய் திறக்க முன்னரே எங்கள் தாவரவியல்காரன் சொன்னான்: "இது பிசினால் மூடியிருக்கும். சூடு பட்டால்தான் திறந்து விதை கொட்டும்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். உனக்கு எப்படித் தெரியும் என்றாள். "புத்தகத்தில் படித்தது. கண்ணால் காண்பது இன்றைக்குத்தான்" என்றான். பிறகு நெடுநேரம் அவன் பேசவில்லை. எங்களில் மற்றவன் அந்தக் காயை எங்கள் வாழ்க்கையோடு ஒப்பிட வாயெடுத்தான். "சும்மா இரு, எரிந்ததெல்லாம் முளைக்காது" என்று அடக்கிவிட்டான்.

மாலைவரை ஓடை ஓடையாகப் போத்தல்களை நிரப்பினோம். இலக்கம் எழுதினோம். கை விறைத்தது. கோப்பை கழுவிய கைகளுக்குத் தண்ணீர் புதிதல்ல. ஆனால் அன்று அந்தத் தண்ணீரை யாரோ வாசிக்கப்போகிறார்கள் என்பது எங்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

திரும்பி வரும்போது அவள் கொப்பியை நீட்டினாள். ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் போட எங்கள் முழுப்பெயர்கள் வேண்டுமாம். இருவர் எழுதிவிட்டோம். தாவரவியல்காரன் பேனையை வைத்துக்கொண்டு யோசித்தான். இங்கே கடதாசிகளில் அவனுக்கு இருப்பது ஏஜென்சிக்காரன் கொடுத்த பெயர். சம்பளமும் அந்தப் பெயரில்தான் வருகிறது.

கடைசியில் வளாகத்தில் பதிந்த தன் சொந்தப் பெயரை எழுதினான். பிழையில்லாமல், முதலெழுத்தோடு.

சனிக்கிழமை வழமைபோல வேலைக்குப் போனோம். முதலாளி அவனை மற்றப் பெயரால் கூப்பிட்டார். அவனும் "ஓம்" என்று போனான்.