தீவில் பெய்த மழை



நம் சபையின் இளம் தம்பதியர் கடந்த வாரம் அந்தமானுக்குச் சுற்றுலா சென்றிருக்கிறார்கள். இறங்கிய நாள் முதல் அங்கே மழை. படகு ஓடவில்லை, கடற்கரைக்குப் போக முடியவில்லை, கட்டிய பணமெல்லாம் வீணாகிறது, மழை நிற்க ஜெபித்துக்கொள்ளுங்கள் ஐயா என்று செய்தி அனுப்பியிருந்தார்கள். மழை நிற்க வேண்டும் என்று ஜெபிப்பது கரிசல் காட்டில் ஊழியம் செய்கிறவனுக்கு எளிய காரியம் அன்று. நாவு பாதியிலேயே நின்றுவிடும். அவர்களுடைய பாதுகாப்புக்காக ஜெபித்தேன். மழையைக் குறித்து ஆண்டவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நம் நிலத்தை நீங்கள் அறிவீர்கள். நம் மாவட்டத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று கொண்டுவருவது. எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு என்று எந்தப் பக்கம் சென்றாலும் மானாவாரி நிலமே மிகுதி. புரட்டாசியில் மண் புழுதியாய்க் கிடக்கும்போதே உளுந்தையும் பாசியையும் மக்காச்சோளத்தையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருப்போம். விதை மண்ணுக்குள் காத்திருக்கும். விதைத்தவர் திண்ணையில் காத்திருப்பார். பருவத்தில் இரண்டு மூன்று நல்ல மழை கிடைத்துவிட்டால் கரிசல் அந்த ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். மீதியை மார்கழிப் பனி பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த இரண்டு மூன்று மழை வர வேண்டும்.

இங்கும் எல்லாரும் ஒரே ஜெபத்தைச் செய்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீப்பெட்டி ஆபீஸ் வேலையை நம்பியிருக்கும் சகோதரிகளுக்கு வெயில்தான் கூலி. காற்றில் ஈரம் ஏறினால் குச்சி காயாது, முக்கிய மருந்து காயாது, வீட்டில் ஒட்டிய பெட்டியும் காயாது. ஒரே ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு தாயார் மழைக்காகவும், அவருக்குப் பின்னால் நின்ற மற்றொருவர் வெயிலுக்காகவும் ஜெபிக்கக் கேட்டது உண்டு. இருவருக்கும் ஆமென் சொன்னேன். போதகனின் பிழைப்பு அப்படி.

அந்தத் தம்பதியர் எழுதிய மழையை நானும் அறிவேன். 2016ஆம் ஆண்டு எங்கள் திருமணத்தின் 25ஆம் ஆண்டு நிறைவை ஒட்டிப் பிள்ளைகள் எங்களுக்கு அந்தமான் பயணச்சீட்டு எடுத்துக்கொடுத்தார்கள். டிசம்பர் முதல் வாரம் சென்று, கீதபவனி தொடங்கும் முன் திரும்பிவிடலாம் என்பது ஏற்பாடு. சபை மூப்பர் ஒருவர், பெயர் வேண்டாம், நாங்கள் புறப்பட்ட அன்று இரயில் நிலையத்துக்கு வந்திருந்தார். அவ்வாண்டு அவர் உளுந்தை இரண்டு முறை விதைத்திருந்தார். முதல் விதைப்பு முளைக்கவே இல்லை. இரண்டாவது, ஒரு தூறலை நம்பி முளைத்துவிட்டு, நான்கு இலையோடு நின்றுகொண்டிருந்தது.

போர்ட் பிளேரிலிருந்து அரசுப் படகில் இரண்டரை மணி நேரம் சென்றால் ஹேவ்லாக் தீவு. இப்போது அதன் பெயர் சுவராஜ் தீவு, 2018இல் மாற்றினார்கள். சென்ற அன்று ராதாநகர் கடற்கரையில் சூரியன் மறைவதைப் பார்த்தோம். என் மனைவி கடலில் கால் நனைத்தாள். அவ்வளவுதான் எங்கள் சுற்றுலா. அதன் பின் மழை பிடித்துக்கொண்டது.

நம் ஊர் மழை வரும்போது அறிவித்துவிட்டு வரும். இடி இடிக்கும், மண்வாசனை எழும், அரை மணி நேரம் ஆர்ப்பரித்துவிட்டுப் போய்விடும். அங்கே பெய்தது அப்படியல்ல. இரவு, பகல் என்ற கணக்கின்றி ஒரே சீராக, யாரையும் பொருட்படுத்தாமல் பெய்துகொண்டே இருந்தது. தென்னையும் பாக்கும் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நின்றன. வங்கக்கடலில் உருவான காற்றழுத்தம் தீவுகளுக்கு அருகிலேயே வலுத்துக்கொண்டிருந்தது. படகுகள் நிறுத்தப்பட்டன. ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலுமாக ஏறத்தாழ 1400 சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன என்பதைப் பிற்பாடு அறிந்தோம். உள்ளே இருந்த எங்களுக்கு எதுவும் தெரியாது. கைப்பேசிகள் அடங்கிப்போயின. டிசம்பர் 5ஆம் தேதி இரவு முதலமைச்சர் ஜெயலலிதா அம்மையார் மறைந்த செய்திகூட மறுநாள் யாரோ சொல்லித்தான் எங்களை எட்டியது. தங்கியிருந்த தமிழர் சிலர் தாழ்வாரத்தில் கூடி, மேற்கொண்டு விவரம் கேட்க வழியின்றி, மழையைப் பார்த்தபடி நின்றோம்.

பணமும் இல்லை. 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று நவம்பர் 8ஆம் தேதி அறிவித்து நான்கு வாரமே ஆகியிருந்தது. கையிலிருந்த புதிய நோட்டுகள் பயணத்துக்கே செலவாகிவிட்டன.

விடுதியில் தங்கியிருந்தோர் முதல் நாள் பொறுத்தார்கள். இரண்டாம் நாள் சிலர் விடுதிக்காரரிடம் சண்டைக்குப் போனார்கள். கடலுக்கடியில் மீன் காட்டுகிறேன் என்று வாங்கிய பணத்தைத் திருப்பித் தா என்றார் ஒருவர். அந்த மழையை அவரே ஏவிவிட்டார் என்பதுபோல மற்றொருவர் கையை ஓங்கினார். எனக்கும் மனைவிக்கும் ஒரு விசித்திரமான சங்கடம். மழையைப் பழித்துப் பேசுவோர் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். எங்களால் அதில் சேர முடியவில்லை. சின்ன வயதிலிருந்து மழையைத் திட்டினால் நாக்கில் சூடு போடுவேன் என்று மிரட்டி வளர்க்கப்பட்டவள் என் மனைவி.

சமையற்காரர் இராமநாதபுரம் சீமைக்காரர். தமிழ் கேட்டவுடன் அடுப்படியிலேயே எங்களுக்கு இடம் போட்டுவிட்டார். "ஊர்ல மழை இல்லைன்னுதான் ஐயா பொழப்புக்கு இங்க வந்தேன். இங்க என்னடான்னா நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு வெகு நேரம் பேசாமல் வெங்காயம் அரிந்தார். அந்தமானில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. நமக்குப் பெய்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். ஆனாலும் கோடையில் போர்ட் பிளேரில் குடிதண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்களாம். சரிவான நிலம், பெய்தது பெய்தபடியே கடலுக்கு ஓடிவிடுகிறது. இதைச் சொன்னதும் அவர்தான். எங்கள் கரிசலோ ஒரு துளியையும் விடாது, ஆனால் துளிதான் வருவதில்லை என்றேன்.

விடுதிக்காரர் வங்காளி. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களை அரசாங்கம் அந்தத் தீவில் குடியேற்றியது. அவருடைய பெற்றோர் அப்படி வந்தவர்கள். சண்டை நடந்த அன்று மாலை அவர் கணக்கு நோட்டை மூடி மேசை அறைக்குள் வைத்தார். பணம் கிடைக்கும்போது கொடுங்கள், எல்லாரும் வந்து சாப்பிடுங்கள் என்றார். கையை ஓங்கியவரையும் அழைத்தார். அவருடைய தாயார் பெரிய பாத்திரத்தில் கிச்சுரி வைத்தார்கள். மழை நாளில் அதைச் சமைப்பது வங்காளிகள் வழக்கம். அரிசியும் பருப்பும் சேர்த்த, நம் பொங்கலைப் போன்ற ஒன்று. நனைந்த துணியோடு வந்து உட்கார்ந்தவர்களுக்கு அடுப்பிலிருந்து தணல் எடுத்துத் தாழ்வாரத்தில் ஒரு சட்டியில் வைத்தார்கள்.

அந்தத் தணலின் அருகே உட்கார்ந்திருந்தபோது அப்போஸ்தலர் நடபடிகளின் 28ஆம் அதிகாரம் நினைவுக்கு வராமல் இருக்குமா? கப்பல் உடைந்து, 276 பேர் மெலித்தா தீவில் கரையேறுகிறார்கள். அங்கும் மழை, அங்கும் குளிர். அந்தத் தீவார் நெருப்பு மூட்டி அனைவரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பிரசங்கங்களில் நாம் அந்த நெருப்பை விரைவாகத் தாண்டி, பவுலின் கையைக் கவ்விய பாம்புக்குப் போய்விடுவோம். பாம்பில்தான் அற்புதம் இருக்கிறது. ஆனால் லூக்கா முதலில் எழுதி வைத்தது நெருப்பை. வந்தவர்களில் கைதிகள் இருந்தார்கள், சற்று முன் அந்தக் கைதிகளைக் கொன்றுபோட யோசித்த போர்ச்சேவகரும் இருந்தார்கள். நெருப்பு மூட்டியவர்கள் யார் எவர் என்று கேட்டதாக அதில் இல்லை. பவுலும் சும்மா இருக்கவில்லை, விறகு பொறுக்கினார். அன்று இரவு முதல் என் மனைவி சமையலறையில் பாத்திரம் துலக்கினாள், நான் தண்ணீர் சுமந்தேன். மழை நாள்கள் அதன்பின் அவ்வளவு நீளமாக இல்லை.

இரவுகள் மட்டும் நீளமாக இருந்தன. தகரக் கூரையில் மழை கொட்டும் ஓசை. அது அப்படியே கடலில் பெய்துகொண்டிருந்தது; உப்பு நீரில், ஒரு விதையும் இல்லாத இடத்தில். ஒரு மணி நேர மழையை எட்டயபுரம் சாலைக்குத் திருப்பிவிட்டால் அந்த நான்கு இலை உளுந்து பிழைத்துக்கொள்ளும். ஆண்டவரே, இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை என்று சொல்லித்தான் ஜெபித்தேன். யோபுவின் புத்தகத்தில், 38ஆம் அதிகாரத்தில், மனுஷர் குடியிராத பாழான இடத்திலும் மழை பெய்யப்பண்ணுகிறவர் யார் என்று கர்த்தர் கேட்கிறார். அதைப் பல முறை வியந்து பிரசங்கித்திருக்கிறேன். அந்தத் தகரக் கூரையின் கீழ் அது வேறு விதமாகக் கேட்டது. மழை மனிதனுக்காக மட்டும் பெய்வதில்லை என்பது படைப்பைப் பற்றிய பெரிய சத்தியம்தான். இரண்டு முறை விதைத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? யோபுவும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, கையால் வாயைப் பொத்திக்கொள்கிறான். அவனுக்கு அது வணக்கம். எனக்கு அந்த இரவில் வணக்கமும் இருந்தது, வழக்கும் இருந்தது. இரண்டையும் ஒன்றாகவே கர்த்தருடைய சமுகத்தில் வைத்தேன்.

எங்களை மீட்கக் கடற்படை அனுப்பிய பித்ரா, பங்காரம், கும்பீர் ஆகிய கப்பல்கள் கடற்கொந்தளிப்பினால் உடனே கரைக்கு வர முடியாமல் வெளியே காத்து நின்றன. 9ஆம் தேதி வெள்ளிக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டார்கள். மறுநாள் விமானம், இரவு இரயில், ஞாயிறு காலை நான் நேராக ஆராதனைக்கு. நனைந்து காயாத அங்கியின் வாடையோடு அன்று பிரசங்கித்தேன்.

மாலையில் மூப்பருடைய காட்டுக்குச் சென்றேன். உளுந்து நான்கு இலையோடேயே நின்றது. இலைகள் உள்ளங்கை மடிந்ததுபோல் சுருண்டிருந்தன. மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது, வெடிப்பில் என் கை மணிக்கட்டுவரை இறங்கியது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. சனவரி 10ஆம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. அன்று எங்களுக்கு அந்த எண்கள் தெரியாது. கண்ணெதிரே தெரிந்தது போதுமாயிருந்தது.

நான் சொல்வதற்கு ஆறுதல் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவரோ வரப்பில் துண்டை விரித்து என்னை உட்காரச் சொல்லிவிட்டு, "ஐயா, அங்க எப்படிப் பெஞ்சது? அதைச் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். எத்தனை நாள் பெய்தது, எந்தப் பக்கத்திலிருந்து காற்று, துளி பருத்ததா சிறுத்ததா, இரவில் விட்டு விட்டுப் பெய்ததா, தவளை கத்தியதா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்த்துவிட்டு வந்தவரிடம் விசாரிப்பதுபோல விசாரித்தார். கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகி வாளி நிறைந்ததைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். பொறாமை ஒரு சிறிதும் இல்லை. தம்முடைய காட்டில் பெய்யாததை ஒரு முறைகூட அவர் குறிப்பிடவில்லை. இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். அன்று நாங்கள் ஜெபிக்கவில்லை.

அந்தக் காற்றழுத்தம் வர்தா என்ற புயலாகி, மறுநாள் திங்கட்கிழமை, 12ஆம் தேதி பிற்பகல், சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. சாயங்காலம் மூப்பர் தொலைபேசியில் அழைத்தார்.

"நீங்க பாத்த மழை மெட்ராசுக்கு வந்துட்டாம்யா. பாவம், ரொம்பச் சேதமாம். இங்க ரெண்டு திட்டு மேகம் நிக்கி, அவ்வளவுதான். அந்தச் சனங்களுக்காக ஜெபம் பண்ணிக்கிடுங்க."

புதன்கிழமை அவர் உளுந்துக்குள் ஆடுகளை விட்டு மேய்த்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அன்று மாலை கீதபவனிக்கு அவர் வழக்கம்போல் அரிக்கேன் விளக்கோடு வந்து, முன்வரிசையில் நடந்தார்.