ஆர்.சி. புத்தகத்தைக் கேட்பது அவநம்பிக்கையா?

மகன் கல்லூரிக்குச் சென்றுவரப் பழைய பைக் ஒன்றை விலை பேசினேன். விற்பவர் எங்கள் ஜமாஅத்தின் பெரியவர்; முன்வரிசையில் தொழுபவர். அவரிடம் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்க நாக்கு கூசியது. சக முஸ்லிமைப் பற்றி நல்லெண்ணம் கொள்ள வேண்டுமல்லவா?

நம் நாட்டில் சொந்த உபயோக வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியைப் பரிசோதித்துத் தகுதியுடையதெனக் கண்டால்தான் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. அது அழைத்துப் பேசுவது ஈமான் கொண்டவர்களைத்தான். அந்த நினைவு துணிவு தர, கேட்டேன்.

பதிவு சென்ற ஆண்டே முடிந்திருந்தது. பெரியவரின் முகம் வாடியது. அவர் மறைக்கவில்லை, கவனிக்கவில்லை. “நல்லவேளை கேட்டீங்க தம்பி. புதுப்பிச்ச பிறகே தர்றேன்” என்றார்.

ஆய்வுக்கு முன் மெக்கானிக்கிடம் காட்டினோம். பின்சக்கர பிரேக் ஷூ முற்றிலும் தேய்ந்திருந்தது. அந்த வண்டியில் ஏறவிருந்தவன் என் மகன்.

இப்போதும் நாங்கள் ஒரே ஸஃப்பில் நிற்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். கேட்காமல் வாங்கியிருந்தால் எங்களுக்கிடையே மனக்கசப்பும் வந்திருக்கும். நம் கொடுக்கல் வாங்கலில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.