ஒன்பது பேர் அந்தமான் போய் வந்தோம்



அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு அந்தமான் போய் வந்தோம். படங்களைப் பார்த்துவிட்டு, "எப்படி இருந்தது டீச்சர்? வயசானவங்க போகலாமா? குழந்தைங்களை வெச்சுக்கிட்டுச் சமாளிக்க முடியுமா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத முடியவில்லை. அதனால் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் மொத்தம் ஒன்பது பேர். நான், என் கணவர், மகன், மருமகள், மகள், மாப்பிள்ளை, பேரப்பிள்ளைகள் மூவர். பெரியவனுக்குப் பதின்மூன்று வயது, நடுவிலவளுக்கு ஒன்பது, கடைக்குட்டிக்கு ஆறு.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கப்பலிலும் போகலாம், ஆனால் மூன்று நாள் ஆகும். இறங்குகிற ஊர் போர்ட் பிளேர். 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் தீவு 2018-லேயே சுவராஜ் தீவு ஆகிவிட்டது, நீல் தீவு ஷஹீத் தீவு. ஆனாலும் பழைய பெயர்களும் புழக்கத்தில் இருக்கின்றன. மொழி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். வங்காளமும் இந்தியும் அதிகம் என்றாலும், கடைத்தெருவில் தமிழ் காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

செல்லுலார் சிறையை முதல் நாளே பார்த்துவிட்டோம். 693 தனி அறைகள். ஏழு பிரிவுகளாகக் கட்டியதில் இன்று மூன்றுதான் மிச்சம். ஓர் அறைக்குள் போய் நின்ற கடைக்குட்டி, "இங்கேருந்து கடலே தெரியலையே பாட்டி" என்றான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அங்கே நம்மைக் குழப்புவது சூரியன்தான். டிசம்பர் கடைசியில் மாலை ஐந்தைத் தாண்டியதும் அஸ்தமனம் ஆகிவிடுகிறது. காரணம் எளிது. ஒரு பாகை தீர்க்கரேகைக்கு நான்கு நிமிடம் என்று நாம் படித்திருக்கிறோம் இல்லையா? சென்னைக்கும் அந்தமானுக்கும் ஏறத்தாழ பன்னிரண்டரை பாகை வித்தியாசம், அதாவது 50 நிமிடம். கடிகாரமோ இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். முப்பத்து நான்கு வருடம் கரும்பலகையில் போட்ட கணக்கை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். எனவே காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடுங்கள். மதியம் தூங்கி எழுந்து கடற்கரைக்குப் போகலாம் என்று இருந்தால் இருட்டிவிடும்.

ராதாநகர் கடற்கரையைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளை மணல், மணல் வரைக்கும் வந்து நிற்கிற உயர்ந்த மரங்கள். முட்டி வலி என்று மெரினாவில் கால்கூட நனைக்காத என் கணவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்து நீரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் "இரும்மா, வரேன்" என்றாரே தவிர எழுந்திருக்கவில்லை. வயதானவர்கள் தாராளமாகப் போகலாம் என்பதற்கு அவரே சாட்சி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு தீவில் கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் பவளப்பாறை பார்க்கப் போனோம். தீவின் பெயரும் படகின் பெயரும் வேண்டாம். யாருடைய பிழைப்பையும் கெடுக்க நான் எழுதவில்லை. நாங்கள் ஒன்பது பேர், இன்னொரு குடும்பத்தில் நான்கு பேர். கொடுத்த லைஃப் ஜாக்கெட்டுகள் எட்டு. அதில் குழந்தைகளுக்கான அளவு ஒன்றுகூட இல்லை. படகில் இருந்த தமிழ்ப் பையன், "பத்து நிமிஷம்தாம்மா, ஆழமே கிடையாது" என்றான்.

"அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் தம்பி கேக்கறேன்" என்றேன்.

பள்ளியிலிருந்து சுற்றுலா அழைத்துப் போகும்போதெல்லாம் தலை எண்ணாமல் வண்டி எடுக்க விட்டதில்லை நான். ஆளுக்கு ஒரு ஜாக்கெட் வரும் வரை ஏறமாட்டோம் என்று கரையிலேயே நின்றுவிட்டேன். மகனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க. எல்லாரும் இப்படித்தான் போறாங்க" என்றான். பேரன் தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். திரும்பி வந்த வேறு படகுகளிலிருந்து ஜாக்கெட்டுகளை வாங்கி வருவதற்கு அரை மணி நேரம் ஆனது. அதற்குள் நீர் வற்ற ஆரம்பித்துவிட்டது. வற்றத்தில் பாறை தட்டும் என்பதால் பாதி தூரம்தான் கூட்டிப் போனார்கள். அன்று மாலை வரை மகன் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எனக்கு அதில் வருத்தமில்லை. 2014 ஜனவரி 26-ஐ என்னால் மறக்க முடியாது. இதே போர்ட் பிளேர் பக்கத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் நம் காஞ்சிபுரத்துக்காரர்கள். ஏற்ற வேண்டிய அளவைவிட மிக அதிகமான பேரை ஏற்றியிருந்தார்கள். 2009-ல் தேக்கடியில் 45 பேர். விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் போனதும் ஒரு காரணம் என்றார்கள். 2023-ல் கேரளாவின் தானூரில் 22 பேர், அதில் பாதிக்கும் மேல் குழந்தைகள். எல்லோருமே நம்மைப் போல விடுமுறைக்குச் சந்தோஷமாகக் கிளம்பியவர்கள்தான்.

இது விதி அல்ல. சுமை கூடினால் படகின் விளிம்பு தண்ணீருக்குக் கிட்டே வந்துவிடும். எல்லோரும் எழுந்து நின்றால் எடை மேலே போகும், ஒரு பக்கம் நகர்ந்தால் படகு சாயும், விளிம்பு வழியே தண்ணீர் ஏறும். அதன் பிறகு யாரும் எதுவும் செய்ய நேரமிருக்காது. நீச்சல் தெரிந்தவரும் சேலையோடும் ஜீன்ஸோடும் மற்றவர் பிடியில் சிக்கினால் மூழ்கத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து வேறொரு படகு. நான் வாயைத் திறக்கும் முன்பே மகன் போய் ஜாக்கெட் குவியலில் சின்னதாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து வந்து கடைக்குட்டிக்கு மாட்டினான். அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அந்தப் பாதி தூரத்தில் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். மான்கொம்பு மாதிரி ஒன்று, மூளை மாதிரி ஒன்று, நடுவே பச்சையும் நீலமுமாகக் கிளிமீன்கள். பவளம் கல் அல்ல, மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாகக் கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிதான் நிறமும் கொடுக்கிறது, உணவும் கொடுக்கிறது. கடல் நீர் வழக்கத்தைவிட ஓரிரு டிகிரி சூடாகிச் சில வாரம் நீடித்தால் பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். 2010-ல் அந்தமானில் பெருமளவு அப்படி வெளுத்தது. பேத்தி கரையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொண்டாள். விளக்கியதும் அவளே திரும்ப வைத்துவிட்டாள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் எடுத்து வருவது குற்றம். விமான நிலையத்திலும் சோதிக்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

1. படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேளுங்கள், ஏறியவர்களை எண்ணுங்கள்.

2. ஜாக்கெட்டை மாட்டினால் போதாது, எல்லாக் கொக்கியையும் போடுங்கள். குழந்தைக்கு மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடைக்கு மேலே ஏறி வந்தால் அளவு பெரிது, தண்ணீரில் கழன்றுவிடும்.

3. படம் எடுக்க எழுந்து நிற்காதீர்கள்.

4. காலையில் கடல் ஏற்ற, வற்ற நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு படகுக்கு நேரம் குறியுங்கள். அது தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும்.

5. உப்புநீர் முதலைகள் உள்ள தீவுகள் இவை. குளிக்கக் கூடாது என்று பலகை இருந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

6. தீவுக்குத் தீவு போகும் கப்பலில் குமட்டல் வரும். வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு முட்டச் சாப்பிட்டும் போகாதீர்கள்.

அந்தமானுக்குத்தான் என்றில்லை. பிச்சாவரமோ முட்டுக்காடோ ஏற்காடு ஏரியோ, எங்கே படகு ஏறினாலும் இதே கதைதான். வாய் திறந்து கேட்க வெட்கப்படாதீர்கள். அன்று கரையில் எங்களோடு காத்திருந்த அந்த நான்கு பேர் குடும்பம் முதலில் முணுமுணுத்தது. பிறகு அந்தத் தாயே தன் பிள்ளைக்குக் கொக்கி சரியாக இருக்கிறதா என்று என்னிடம் வந்து காட்டிவிட்டுத்தான் ஏறினார். ஒருவர் கேட்டால் போதும், அடுத்தவருக்கும் தைரியம் வரும்.

எல்லோரும் போய் வாருங்கள். எத்தனை பேர் போனீர்களோ அத்தனை பேரும் வீடு வந்து சேருங்கள்.