வீட்டுக் கொட்டகையில் ஒரு டுகாட்டி

போலோஞா நகரின் போர்கோ பனிகாலே பகுதியிலுள்ள ஆலையில் 1990-களில் உருவான டுகாட்டி 900 சூப்பர்ஸ்போர்ட், வீட்டிலேயே பிரித்துப் பார்க்க ஏற்ற இத்தாலிய ஸ்போர்ட் மோட்டார் சைக்கிள். எஞ்சினைக் காற்றும் எண்ணெயும் குளிர்விக்கின்றன. தண்ணீர்க் குழாய்கள் கிடையாது. இரண்டு சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு வால்வு, மொத்தம் 904 சிசி. பெட்ரோல் டாங்க் கீலில் மேலே எழும். அதற்கு ஒரு முட்டுக் கொடுத்துவிட்டால் பேட்டரியும் ஏர் பாக்ஸும் கைக்கு எட்டிவிடும். எஃகுக் குழாய்களைப் பின்னிச் செய்த சட்டத்தின் இடைவெளிகள் வழியாகவே ஸ்பேனர் உள்ளே போகும். இவ்வளவு எளிய வண்டி உரிமையாளரிடம் ஏன் இவ்வளவு கவனம் கேட்கிறது என்பதற்கு அதன் வால்வுகளில் விடை இருக்கிறது.

மற்ற எஞ்சின்களில் கேம் வால்வைத் திறக்கும், ஸ்பிரிங் அதை மூடும். வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு மிதக்கத் தொடங்கும். 1954-இல் டுகாட்டியில் சேர்ந்த பொறியாளர் ஃபாபியோ தால்யோனி, மூடும் வேலையையும் கேமிடமே ஒப்படைத்தார். டெஸ்மோ எனப்படும் இந்த அமைப்பில் ஒரு ராக்கர் வால்வைத் தள்ளித் திறக்கும், இன்னொரு ராக்கர் அதை இழுத்து மூடும். 1956-இல் ஸ்வீடனின் ஹெடெமோராவில் 125 சிசி பந்தய வண்டி ஒன்று இந்த அமைப்போடு வென்றது. 1968-இல் அது சாலை வண்டிக்கு வந்தது. 1972-இல் இமோலாவின் 200 மைல் பந்தயத்தில் பால் ஸ்மார்ட்டும் புரூனோ ஸ்பாஜ்ஜாரியும் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த பிறகு, டுகாட்டி என்றாலே டெஸ்மோ என்றாகிவிட்டது. உலோகவியல் முன்னேறி ஸ்பிரிங்குகள் தேறிய பிறகும் நிறுவனம் இந்த அமைப்பைக் கைவிடாமல் வைத்திருந்ததற்கு, பொறியியல் தேவையோடு பிடிவாதமும் ஒரு காரணம் என்று சொல்வதில் தவறில்லை.

இந்த வண்டியை மெருகேற்ற நினைப்பவர்களில் பெரும்பாலோர் சைலன்சரில் தொடங்குகிறார்கள். அடுத்துக் கார்பன் ஃபைபர் மட்கார்டு, பிறகு பளபளக்கும் கிளட்ச் மூடி. கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற இடங்களில் பணம் போகிறது. வண்டி உண்மையில் மாறுவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில், மில்லிமீட்டரின் சிறு பின்னங்களில். அளப்பதும் சரிசெய்வதும் முடிந்த பிறகுதான் மாற்ற வேண்டியது என்ன என்பதே தெரியவரும். அநேகமாக அப்போது வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியல் பாதியாகக் குறைந்திருக்கும்.

கருவிகள் அதிகம் வேண்டாம். பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் ஸ்டாண்டு, நல்ல ஆலன் கீ செட், ஃபீலர் கேஜ், மைக்ரோமீட்டர், இரண்டு முள் கொண்ட வேக்யூம் கேஜ். இவற்றோடு டார்க் ரெஞ்ச் கட்டாயம் இருக்க வேண்டும். எஞ்சினின் உடல் அலுமினியம். அதில் எஃகு போல்ட்டைக் கைப்பலத்தை நம்பி முறுக்கினால் மரை பிய்ந்துவிடும். அதன்பிறகு ஹெலிகாயில் போட்டுப் புது மரை அமைப்பது, தொடங்கிய வேலையைவிடப் பெரிய வேலையாகிவிடும். அந்தந்த மாடலுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவலும் கையருகே இருக்க வேண்டும்.

வால்வு இடைவெளியைச் சோதிக்கும்போது எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, கியரை உச்சத்தில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் எஞ்சின் மெல்லத் திரும்பும். நான்கு வால்வுகளுக்கும் திறக்கும் பக்கம் ஒன்று, மூடும் பக்கம் ஒன்று என எட்டு அளவுகள் எடுக்க வேண்டும். திறக்கும் பக்க இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இருக்கும். மூடும் பக்கத்தில் நூறில் சில பங்குதான். வால்வுத் தண்டின் தலையில் தொப்பிபோல் உட்காரும் ஷிம் (இடைவெளியை நிர்ணயிக்கும் உலோகத் துண்டு), திறக்கும் பக்கத்துக்கு உரியது. மூடும் பக்கத்து ஷிம்மைத் தண்டின் பள்ளத்தில் பொருந்தும் இரண்டு மெல்லிய அரைவளையங்கள் பிடித்திருக்கும்.

ஓடிய வண்டியில் இந்த இரண்டு இடைவெளிகளும் எதிரெதிர்த் திசையில் நகரும். வால்வு தன் இருக்கையில் தேய்ந்து உள்வாங்கினால் தண்டு மேலேறும். திறக்கும் பக்கம் இறுகும், மூடும் பக்கம் தளரும். அரைவளையங்கள் நசுங்கிப் படிவதாலும் மூடும் பக்கம் மேலும் தளரும். இறுகிய பக்கத்துக்கு வீட்டிலேயே வழி உண்டு: கண்ணாடிப் பலகையில் மெல்லிய உப்புத்தாளை விரித்து, எண்ணெய் விட்டு, ஷிம்மை எட்டு வடிவில் தேய்த்து, அடிக்கடி மைக்ரோமீட்டரால் அளந்துகொண்டே மெலியச் செய்யலாம். தளர்ந்த பக்கத்துக்கு அப்படிச் செய்ய முடியாது. தேய்த்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட வைக்க வழியில்லாததால், அடுத்த தடிமனில் புது ஷிம் வாங்கியே ஆக வேண்டும்.

இங்கே இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. அரைவளையத்தை எடுத்த பிறகு வால்வைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. பிஸ்டன் கீழே இருந்தால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அதனால் பிஸ்டனை முன்னதாகவே உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அரைவளையமோ நகக்கண் அளவே இருப்பதால், ஹெட்டில் எண்ணெய் இறங்கும் துளை வழியே எஞ்சினுக்குள் தவறி விழக்கூடும். வேலை தொடங்குமுன் அந்தத் துளையில் துணி அடைப்பது நல்லது. வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுக்க மறக்கக் கூடாது என்று எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்தது கேமைச் சுழற்றும் பெல்ட். தால்யோனியின் பழைய எஞ்சின்களில் கேமுக்கு விசை, தண்டுகள், சாய்பற்சக்கரங்கள் வழியாகப் போனது. அழகான ஏற்பாடு, செலவும் அதிகம். ஒவ்வொரு எஞ்சினையும் தேர்ந்த கை கூட்ட வேண்டியிருந்தது. 1970-களின் இறுதியில் வந்த பாந்தா எஞ்சினில் அவரே அதைப் பல்வைத்த ரப்பர் பெல்ட்டுக்கு மாற்றினார். 900-இன் எஞ்சின் அந்த பாந்தாவின் வாரிசு. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் போய்விடும். அதனால் வண்டி ஓடினாலும் நின்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்றிவிடுவது வழக்கம். புது பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்க்க வீட்டு மெக்கானிக்குகளிடம் ஓர் எளிய முறை உண்டு: நிலையான உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே 5 மி.மீ. ஆலன் கீ நுழைய வேண்டும், 6 மி.மீ. கீ நுழையக் கூடாது. இன்று பலர் பெல்ட்டை விரலால் சுண்டி, அதன் அதிர்வைக் கைபேசிச் செயலியில் அளக்கிறார்கள். எந்த முறையானாலும் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். அலுமினிய சிலிண்டர் சூட்டில் நீளும்போது பெல்ட்டும் கூடவே இறுகும். சூட்டில் சரியாக வைத்தது ஆறியதும் தொளதொளத்துவிடும்.

எரிபொருள் பகுதியில்தான் பொறுமை அதிகம் தேவை. 900-இல் 38 மி.மீ. மிகுனி கார்புரேட்டர்கள் இரண்டு. புகை விதிகளுக்கு உட்படுவதற்காக ஆலையில் கலவையைப் பெட்ரோல் குறைவாக வைத்தே அனுப்பினார்கள். குளிர்ந்த காலையில் சோக்கை விடாமல் பிடித்திருக்க வேண்டியிருப்பதும், குறைந்த வேகத்தில் வண்டி இருமிக்கொண்டு போவதும் அதன் விளைவு. நிறுவனத்தின் மீது கோபப்படுவதில் பயனில்லை; எல்லா ஊர்களுக்கும் எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவாக ஒரு வண்டியைச் செய்பவர் அப்படித்தான் செய்ய முடியும். நீடில், மெயின் ஜெட் அடங்கிய ஜெட் கிட் வாங்கி, நீடிலின் உயரத்தை ஒரு பள்ளம் ஏற்றியோ இறக்கியோ, ஒவ்வொரு முறையும் ஒரே சாலையில் ஓட்டிப் பார்த்து, பிளக்கின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வெளிறியிருந்தால் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். இளம் பழுப்பு சரி. ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தவருக்கு எது பலித்தது என்று சொல்லத் தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகம் இங்கே கார்புரேட்டர் கிட்டுக்கு இணையான கருவி.

அதன்பிறகு இரண்டு கார்புரேட்டர்களையும் ஒத்துப்போக வைக்க வேண்டும். தொண்ணூறு பாகைக் கோணத்தில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ படுத்தும், மற்றது நிமிர்ந்தும் இருக்கின்றன. முன்னால் படுத்திருப்பதற்குக் காற்று நேராகப் படும்; பின்னால் நிற்பது சூட்டிலேயே வேகும். இரண்டும் சம இடைவெளியில் வெடிப்பதும் இல்லை: ஒன்றுக்குப் பின் 270 பாகையில் அடுத்தது, அதன்பின் 450 பாகை காத்திருப்பு. ஒரு வண்டியில் பூட்டிய இரண்டு மாடுகளில் ஒன்று முந்தி இழுத்தால் நுகம் கோணுவதுபோல, ஒரு சிலிண்டர் அதிகக் காற்றை உறிஞ்சினால் கைப்பிடியில் நடுக்கமும் ஆக்ஸிலரேட்டர் திறக்கும் கணத்தில் உதறலும் வரும். உறிஞ்சு குழாய்த் துளைகளில் வேக்யூம் கேஜைச் செருகி, இரண்டு முட்களும் சேர்ந்து நிற்கும்வரை ஒரே ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினால் போதும். சில நிமிட வேலை, செலவும் கிடையாது. ஆயிரக்கணக்கான யூரோ மதிப்புள்ள பாகங்களை மாட்டியும் இதைச் செய்யாத வண்டிகள் ஊரெங்கும் உண்டு.

1998 முதல் சூப்பர்ஸ்போர்ட்டுக்கு ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஜெட்டும் நீடிலும் போய், வெபர்-மாரெல்லி கணினி வந்தது. அங்கேயும் அடிப்படை மாறவில்லை: த்ராட்டில் முழுதாக மூடியிருக்கும் நிலையில் அதன் சென்சார் 150 மில்லிவோல்ட் காட்ட வேண்டும் என்ற தொடக்கப் புள்ளியைச் சரிசெய்யாமல் கணினியின் மேப்பை மாற்றுவது, அஸ்திவாரம் கோணியிருக்கச் சுவரை இடித்துக் கட்டும் வேலை.

சைலன்சர் பேச்சை இதற்குமேல் தள்ளிப்போட முடியாது. பியெமோந்தேயைச் சேர்ந்த தெர்மின்யோனி டுகாட்டிக்காரர்களின் முதல் தேர்வு. கழற்றி மாட்டினால் சில கிலோ எடை குறையும், சத்தம் தடிக்கும், சக்தி கொஞ்சம் கூடலாம். கலவையைத் திருத்தாமல் சைலன்சரை மட்டும் மாற்றினால் அந்தக் கொஞ்சமும் கிடைக்காது. ஏற்கெனவே பெட்ரோல் குறைந்த கலவை இன்னும் குறைந்து, பின்சிலிண்டரின் சூடு ஏறும். இத்தாலியில் புது வண்டிக்கு நான்காம் ஆண்டிலும் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயச் சோதனை உண்டு. ஒப்புதல் முத்திரை இல்லாத பந்தய சைலன்சரோடு போனால் அங்கே சிக்கல். பலர் சோதனைக்கு முந்தின இரவில் பழைய சைலன்சரை மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

செலவுக்கு மிக அதிகப் பலன் தருவது முன் ஸ்ப்ராக்கெட். 15 பல்லுக்குப் பதிலாக 14 பல் மாட்டினால் ஒவ்வொரு கியரும் ஏழு சதவீதம் அளவுக்குக் குறுகும். நகரத்தில் இரண்டாம் கியரில் திணறிய வண்டி லகுவாக எழும். உச்ச வேகம் சற்றுக் குறையும், அதைச் சாலையில் தேடுபவர் யாரும் இல்லை. இந்த மாடலில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன்சக்கரத்திலிருந்து வருவதால் காட்டும் வேகமும் பிசகாது.

சஸ்பென்ஷனில் ஓட்டுபவரின் எடைதான் கணக்கு. வண்டி தூக்கிய நிலையில் எவ்வளவு உயரம், தன் எடையில் நின்றால் எவ்வளவு அமிழ்கிறது, ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் போட்டவர் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு என்று மூன்று முறை அளக்க வேண்டும். ஆள் ஏறியபின் முன்பக்கம் 30 முதல் 35 மி.மீ. வரை அமிழ்வது பொதுவான இலக்கு. ப்ரீலோடை எவ்வளவு திருப்பியும் அது கிடைக்காவிட்டால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். எழுபது கிலோ ஆளுக்கும் நூறு கிலோ ஆளுக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. அதன் பிறகே டாம்பிங் கிளிக்குகள். ஒவ்வொரு திருகையும் முழுதாக மூடி, அங்கிருந்து எண்ணித் திறந்து, எண்ணிக்கையை எழுதிவைப்பது நடைமுறை. விலையுயர்ந்த ஓலின்ஸ் ஷாக்கைத் தவறாகத் திருகி வைத்திருப்பவரைவிட, பழைய ஷோவா ஷாக்கை அளந்து வைத்திருப்பவர் வளைவில் நிம்மதியாகப் போவார்.

பிரேக்கில் பழைய ரப்பர் குழாய்க்குப் பதில் எஃகு வலை போர்த்திய குழாய், புது பேட், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது திரவம் என்றால் போதும். பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரைத் தடிமனானதாக மாற்றுவது தம்பிடி செலவு. குளிரில் ஸ்டார்ட்டரின் முனகல் நின்றுவிடும். உலர் கிளட்ச், லீவரைப் பிடித்ததும் சல்லடையில் கூழாங்கல் குலுக்கும் சத்தம் போடும். அது பழுதல்ல, தட்டுகளின் காதுகள் கூடையில் ஆடும் ஓசை. கூடையின் பக்கங்களில் பள்ளம் விழுந்து கிளட்ச் இழுத்துப் பிடிக்கத் தொடங்கினால்தான் மாற்ற வேண்டும். சத்தத்தைப் பெருக்குவதற்காகவே ஓட்டை போட்ட மூடி வாங்குபவர்கள் உண்டு. மழைநீரும் மண்ணும் உள்ளே போவது அவர்களுக்குப் பொருட்டல்ல.

இந்த வேலைகளெல்லாம் எந்தத் தலைமுறை வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. 2018-இல் வந்த பனிகாலே வி4-இலும் டெஸ்மோ இருக்கிறது, ஆனால் வால்வுகளைப் பார்க்க அரை வண்டியைப் பிரிக்க வேண்டும். மேனுவல் அதை 24,000 கிலோமீட்டருக்கு ஒருமுறைதான் கேட்கிறது. 2020-இல் மல்டிஸ்ட்ராடாவுக்காக அறிவித்த வி4 எஞ்சினில் டுகாட்டி டெஸ்மோவை விட்டு ஸ்பிரிங்குக்கே திரும்பி, வால்வுச் சோதனைகளுக்கு இடையிலான தூரத்தை 60,000 கிலோமீட்டருக்கு நீட்டியது. ஓட்டுபவருக்கு அது நல்ல செய்தி. ஷிம் பெட்டியும் மைக்ரோமீட்டரும் வாங்கி வைத்திருப்பவருக்கு அவ்வளவு நல்ல செய்தியல்ல.

மாற்றிய வண்டியை என்றாவது விற்கும்போது, மேலதிகமாக மாட்டிய பாகங்களுக்குக் கொடுத்த விலை திரும்பி வராது. கழற்றிய சைலன்சர், ஏர் பாக்ஸ் மூடி, ஜெட்டுகள், ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் அவற்றின் போல்ட்டுகளோடு பெயர் எழுதிய பெட்டியில் எண்ணெய் தடவி வைப்பவர்களுக்கு இழப்பு குறைவு. பழைய டுகாட்டி வாங்க வருபவர்கள் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அந்தப் பெட்டியையும், பெல்ட் மாற்றிய தேதியும் எட்டு வால்வு அளவுகளும் எழுதிய நோட்டையும் கேட்கிறார்கள்.